இருட்டில் விசிலடித்துப் போன வாத்துகள்

சென்னை பெரும்பாக்கத்துக்குக் குடிவந்த வருடம், ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு ராத்திரி, கரண்ட் போய்விட்டதால் மொட்டை மாடியில் நின்றிருந்தேன். தலைக்கு மேலே 'வீ-சீக், வீ-சீக்' என்று மூச்சிரைப்பு கலந்த விசில், ஒன்றில்லை, ஏழெட்டு இருக்கும், பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துப் பக்கமாகப் போய்த் தேய்ந்துவிட்டது.

விடிந்ததும் ஏரிக்கரைக்குப் போனேன். சம்புப் புதர் ஓரத்தில் செம்பழுப்பு நிறத்தில் ஒரு கூட்டம். வாத்துதான், ஆனால் நாம் பார்த்த வாத்து மாதிரி குட்டைக் காலில் ஆடி ஆடி நடக்கவில்லை, காலும் கழுத்தும் நீளம், நிமிர்ந்த நிற்பு. ஒரு லாரி ஹாரன் அடித்ததும் மொத்தமும் எழும்பி, அதே விசிலோடு இரண்டு சுற்று வந்து பழைய இடத்திலேயே இறங்கின. பறக்கும்போது கால் வாலைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது. சிறிய சீழ்க்கைச் சிறகி என்ற பெயர் அப்புறம்தான் தெரிந்தது. வால் தொடங்கும் இடத்தின் மேற்புறம் செம்பழுப்பாக இருந்தால் இது, வெளிறிய வெள்ளையாக இருந்தால் பெரிய சீழ்க்கைச் சிறகி. பகலெல்லாம் ஓய்வு, இரை தேடுவது பெரும்பாலும் ராத்திரியில்தான்.

இன்னொன்று மதுராந்தகம் பக்கம், மாமா ஊரில். ஏரிக்கரை மரத்தில் ஒரு வாத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது என் கண்ணையே நம்பவில்லை. மரப்பொந்திலும் காக்கை, பருந்து விட்டுப்போன கூட்டிலும்கூட முட்டையிடும் என்று அன்றைக்குத் தெரியாது. சில வாரம் கழித்துப் போனபோது, தனியாகக் கிடந்தது என்று பக்கத்து வீட்டுப் பையன் ஒரு குஞ்சைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தான். கருப்பு உடம்பு, கண்ணுக்கு மேலே வெள்ளைக் கோடு, உள்ளங்கையில் வைத்தால் நெஞ்சு படபடவென்று அடிப்பது தெரிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. எடுத்த இடத்துக்கே ஓடினோம். பெரிய பறவைகள் இரண்டும் விசிலடித்தபடி தண்ணீருக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தன. ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி இருப்பதால் எது தாய் என்று சொல்ல முடியாது, இரண்டுமே அடைகாக்கும், இரண்டுமே குஞ்சைப் பார்த்துக்கொள்ளும். கரையில் விட்டதும் குஞ்சு கோரைக்குள் நீந்திப் போனது. நாங்கள் பின்வாங்கி வேலி மறைவில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் இரண்டும் அந்தக் கோரை ஓரமாகவே இறங்கின, விசில் நின்றுவிட்டது.

தனியாகக் கிடக்கிற குஞ்சைப் பார்த்தால் தயவுசெய்து உடனே தூக்காதீர்கள். தள்ளி நின்று மேலே பாருங்கள்.