திரான்சிற்றர் விரியலாக்கியின் மீடிறன் துலங்கல்: அளந்தவர்களின் அனுபவங்கள்

கொக்குவிலில் இருந்து:

எங்கள் ஊர் வாசிகசாலையில் ஒரு பழைய மைக் முன்விரியலாக்கி (மைக்கின் சிறிய சைகையைப் பெருக்கும் ஆம்ப்) இருக்கிறது. கடையில் வாங்கியது இல்லை, அந்தக் காலத்தில் ஊரில் ஒருவர் கையாற் செய்து கொடுத்தது. ஒற்றைத் திரான்சிற்றர், பொதுக்காலி அமைப்பு: சைகை அடியில் (base) புகுந்து சேகரிப்பானில் (collector) வெளிவரும், காலி (emitter) இரண்டுக்கும் பொது. கொஞ்சக் காலமாக அதில் யார் பேசினாலும் குரல் மெலிந்து கீச்சென்று வந்தது. ஆண்குரலின் அடித்தொனியே இல்லை. மைக்கை மாற்றினார்கள், ஸ்பீக்கரை மாற்றினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பெட்டி என் மேசைக்கு வந்தது.

மல்ரிமீற்றர் வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒழுங்கு. வழங்கல் 12 வோல்ற்று, அடியில் 2 வோல்ற்றுக்குச் சற்று மேல், காலியில் 1.4, சேகரிப்பானில் 7.4. அடிக்கு 47 கிலோ ஓமும் 10 கிலோ ஓமும், சேகரிப்பானுக்கு 3.3, காலிக்கு 1 என்று தடையிகள் போட்ட சுற்றில் வரவேண்டிய அளவுகள்தான் இவை. 1 கிலோஹேர்ட்ஸ் சைன் அலை கொடுத்தேன், வெளியீடு சுத்தமாக வந்தது. நயம், அதாவது வெளியீடு உள்ளீட்டைப்போல் எத்தனை மடங்கு என்பது, கிட்டத்தட்ட 100. இந்த இடத்தில் நிறையப் பேர் "ஆம்பில் பிழை இல்லை" என்று மூடியைப் பூட்டிவிடுவார்கள். ஒரேயொரு மீடிறனில் (அதிர்வெண்ணில்) அளந்துவிட்டு ஒரு விரியலாக்கியைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை.

அளப்பதற்கு முன்னால் உள்ளீட்டைச் சரிசெய்ய வேண்டும். இப்படியான சுற்றுக்கு உச்சிக்கு உச்சி 10 மில்லிவோல்ற்று போதும். அதற்கு மேலே போகப் போக அலையின் ஒரு பக்கம் கூராகவும் மறுபக்கம் சப்பையாகவும் மாறும். திரிந்த அலையில் எடுத்த நயத்துக்கு அர்த்தமில்லை. என் அலைபிறப்பாக்கியில் அவ்வளவு சிறிய சைகையைத் துப்புரவாக எடுக்க முடியாது. ஆகவே 10 கிலோ ஓமும் 100 ஓமும் வைத்துப் பிரித்தேன். பிறப்பாக்கியில் 1 வோல்ற்று வைத்தால் உள்ளே போவது 10 மில்லிவோல்ற்று. அலைவுகாட்டியின் (ஒசிலோஸ்கோப்பின்) முதல் சனலை அந்த 1 வோல்ற்றிலேயே விட்டுவைத்து, மீடிறனை மாற்றும்போதெல்லாம் அது அசையாமல் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். வெளியீட்டில் 10 கிலோ ஓம் சுமை.

10 கிலோஹேர்ட்ஸில் வெளியீடு 1.3 வோல்ற்று. அங்கிருந்து கீழே இறங்கினேன். 1 கிலோஹேர்ட்ஸில் 1 வோல்ற்று, 500 ஹேர்ட்ஸில் 0.66, 100 ஹேர்ட்ஸுக்கு வந்தபோது 0.16 கூட இல்லை. நயம் 130இலிருந்து 16க்கு விழுந்திருக்கிறது, 18 டெசிபெல் வீழ்ச்சி. வெளியீடு 0.707 மடங்காகக் குறையும் மீடிறனைத்தான் எல்லை என்கிறோம். 1.3இன் 0.707 மடங்கான 0.92 வோல்ற்று வந்த இடம் 850 ஹேர்ட்ஸ் அளவில். மனிதக் குரலின் அடிப்பகுதி முழுவதும் அந்த எல்லைக்குக் கீழேதான் கிடக்கிறது.

கீழ் மீடிறனில் நயம் விழுந்தால் நான் முதலில் சந்தேகிப்பது காலித் தடையிக்குக் குறுக்கே உள்ள மின்பகு கொள்ளளவியை. அதில் 100 மைக்ரோ பரட் என்று எழுதியிருந்தது. இங்கேதான் பலரும் கணக்கில் தடுமாறுவதைக் கண்டிருக்கிறேன். அந்தக் கொள்ளளவி காண்பது 1 கிலோ ஓம் காலித் தடையியை மட்டும் அல்ல, அதோடு சமாந்தரமாகத் திரான்சிற்றரின் உட்தடையும் இருக்கிறது. 26 மில்லிவோல்ற்றைக் காலி ஓட்டமான 1.4 மில்லி அம்பியரால் பிரித்தால் 19 ஓமுக்குக் கிட்ட வரும். எல்லையைத் தீர்மானிப்பது அதுதான். 19 ஓமும் 100 மைக்ரோ பரட்டும் சேர்ந்தால் எல்லை 85 ஹேர்ட்ஸ் அளவில் இருக்க வேண்டும். பத்து மடங்கு மேலே நிற்கிறது என்றால் கொள்ளளவு பத்தில் ஒன்றாகக் குறைந்திருக்கிறது. கழற்றி அளந்தேன், 10 மைக்ரோ பரட்டுக்குக் கிட்ட. தகரக் கூரைக்குக் கீழே இத்தனை வருடம் வெந்து உள்ளே காய்ந்துபோயிருக்கிறது. நேரோட்டம் அதனூடாகப் போவதில்லை, அதனால் மல்ரிமீற்றருக்கு அது செத்ததே தெரியாது.

திருநெல்வேலியில் இருந்து:

அண்ணை, எனக்கு இதே பாடம் மேல் எல்லையில், அதாவது நயம் மறுபடி விழும் உயர் மீடிறன் பக்கத்தில் கிடைத்தது. பிசி547 திரான்சிற்றர் வைத்து, பற்றவைக்காமல் செருகும் பிரெட்போட்டில் உங்கள் அளவுகளிலேயே ஒரு சுற்றுக் கட்டினேன். அலைவுகாட்டியின் புரோப்பை (அளக்கும் முனையை) சைகையைக் குறைக்காத 1 மடங்கில் வைத்து அளந்தால் எல்லை 600 கிலோஹேர்ட்ஸ். சைகையைப் பத்தில் ஒன்றாக்கும் 10 மடங்குக்கு மாற்றினேன், சுற்றில் வேறு எதையும் தொடவில்லை, எல்லை 2 மெகாஹேர்ட்ஸுக்குக் கிட்டப் போய்விட்டது. 1 மடங்கில் புரோப்பும் கேபிளும் சேர்ந்து 100 பைக்கோ பரட் அளவு சுமையைச் சேகரிப்பானில் தொங்கவிடுகின்றன, 10 மடங்கில் அது 15 மட்டில்தான். முதலில் நான் அளந்தது விரியலாக்கியை அல்ல, புரோப்பை.

அப்புறம் உள்ளீட்டில் 10 கிலோ ஓமைத் தொடராகப் போட்டேன். எல்லை 150 கிலோஹேர்ட்ஸ் பக்கம் இறங்கிவிட்டது. அடிக்கும் சேகரிப்பானுக்கும் இடையே இருக்கும் 4 பைக்கோ பரட், நயத்தால் பெருக்கப்பட்டு உள்ளீட்டில் 500 மட்டில் தெரிகிறது. பொறியியலாளர் மில்லர் 1920இல் வெற்றிடக் குழாய்க்குச் சொன்ன விளைவு இது. செய்து பார்க்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: தொடர்த் தடையி போட்டதும் நடு மீடிறன் வெளியீடும் விழும். அந்தப் புதிய அளவின் 0.707ஐத்தான் தேட வேண்டும்.

மானிப்பாயில் இருந்து:

அலைவுகாட்டி இல்லாதவர்களுக்காக எழுதுகிறேன். போனில் சைன் அலை தரும் செயலி கிடைக்கிறது, கணினியின் சவுண்ட் கார்ட்டில் வெளியீட்டைப் பதிந்து அளவைப் பார்க்கலாம். கீழ் எல்லையை இப்படி நன்றாகவே பிடிக்கலாம். மேல் எல்லையை மறந்துவிடுங்கள், சவுண்ட் கார்ட் 20 கிலோஹேர்ட்ஸோடு நின்றுவிடும். முதலில் விரியலாக்கி இல்லாமல் போனையும் கார்ட்டையும் நேராக இணைத்து ஒரு தடவை அளந்து வைத்துக்கொள்ளுங்கள், அவற்றின் வளைவைக் கழிப்பதற்கு. மலிவான மல்ரிமீற்றரின் ஆடலோட்ட வோல்ற்று அளவை மட்டும் நம்ப வேண்டாம். நூற்றுக்கணக்கான ஹேர்ட்ஸுக்கு மேலே அதுவே குறைத்துக் காட்டத் தொடங்கிவிடும்.

சாவகச்சேரியில் இருந்து:

தம்பிமார் எழுதுவதை வாசிக்கச் சந்தோசமாக இருக்கிறது. 90களில் மின்சாரம் இல்லாமல், பற்றரிக்கும் தடை என்று இருந்தபோது சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்டவர்கள் நாங்கள். ஒருவர் மிதிக்க மற்றவர்கள் செய்தி கேட்போம். மிதிக்கும் வேகத்தோடு இரைச்சலும் ஏறி இறங்கும். அடிக்குப் போகும் பெரிய தடையியை இரண்டாக உடைத்து, நடுவிலிருந்து நிலத்துக்கு ஒரு கொள்ளளவி போட்டால் அந்த இரைச்சல் நன்றாக அடங்கும். அளக்க ஒன்றும் இருக்கவில்லை, காதால் கேட்டுக் கேட்டு அளவைப் பிடித்தோம். நீங்கள் இப்போது மீடிறன் மீடிறனாக அளப்பதைப் பார்க்கும்போது, அன்றைக்குச் செய்ததன் காரணம் எனக்கு இன்னும் நன்றாக விளங்குகிறது.

கொக்குவிலில் இருந்து:

ஐயா, உங்கள் உத்தியை அந்தப் பெட்டியிலேயே செய்து பார்க்கிறேன், அதன் வழங்கலிலும் 50 ஹேர்ட்ஸ் முனகல் கொஞ்சம் இருக்கிறது. புதிய 100 மைக்ரோ பரட் போட்டபிறகு திரும்ப அளந்தேன், எல்லை 85 ஹேர்ட்ஸ் அளவில் வந்துவிட்டது. 470 போட்டால் 18 ஹேர்ட்ஸ் வரை இறக்கலாம் என்று ஒருவர் சொன்னார். கணக்குச் சரி, ஆனால் பேச்சுக்கு அது தேவையில்லை. அவ்வளவு கீழே திறந்துவிட்டால் முனகலும், மைக்கில் மூச்சுப் படும் சத்தமும்தான் கூடுதலாக உள்ளே வரும். செய்து கொடுத்தவர் 100ஐத் தேர்ந்தெடுத்தது யோசித்துத்தான் என்று நினைக்கிறேன், அதை அப்படியே விட்டிருக்கிறேன்.