வான்கோழிகள் மட்டும் சாகின்றன, நாட்டுக்கோழிகளுக்கு ஒன்றுமில்லை – அவசரம்

அணைக்கட்டு விவசாயி
வணக்கம். என் வான்கோழிகளில் இரண்டு செத்துவிட்டன. இன்னொன்று காலையிலிருந்து இறக்கையைத் தொங்கவிட்டு மூலையில் தூங்கி வழிகிறது. நாட்டுக்கோழிகள் நன்றாக மேய்கின்றன. கிறிஸ்துமஸுக்கு விற்க வளர்த்தவை. என்ன மருந்து கொடுக்கலாம்? உடனே சொல்லுங்கள்.

பொய்கைச் சந்தை
வயது என்ன? எச்சம் என்ன நிறம்? தடுப்பூசி போட்டீர்களா? ஒன்றையும் சொல்லாமல் மருந்து கேட்டால் ஜோசியரிடம்தான் போக வேண்டும்.

குடியாத்தம் அக்கா
தம்பி, இது வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோய்தான். கீழாநெல்லி, சீரகம், மிளகு, மஞ்சள், சின்ன வெங்காயம், பூண்டு எல்லாவற்றையும் அரைத்து உருண்டை பிடித்து ஊட்டுங்கள். எங்கள் வீட்டில் இதைத்தான் செய்வோம்.

ஆம்பூர்க்காரன்
தீனியைப் பாருங்கள். வான்கோழிக் குஞ்சுக்கு முதல் 8 வாரம் 28 சதவீதப் புரதம் வேண்டும். கோழித் தீனியையே போட்டு வளர்த்தால் தேறாது.

வாலாஜா மூத்தவர்
இதைப் பற்றி எத்தனை தடவை எழுதுவது? பழைய பதிவுகளைப் படிக்கும் பழக்கம் ஒருவருக்கும் கிடையாது. வெள்ளைக்கழிச்சல் என்றால் நாட்டுக்கோழிகள்தான் முதலில் சாய்ந்திருக்கும், அவற்றுக்கு அந்நோய்க்கான லசோட்டா தடுப்பூசி போட்டிருந்தால் ஒழிய. கோழி திடமாக இருந்து வான்கோழி மட்டும் சாகிறது என்றால் முதலில் கருந்தலை நோயைச் சந்தேகிக்க வேண்டும். எச்சம் கந்தக மஞ்சளா? இரண்டையும் ஒரே கொல்லையில் விட்டிருக்கிறீர்களா? இந்த இரண்டுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

பொய்கைச் சந்தை
ஐயா, தலை கறுத்தால்தானே அந்த நோய்?

வாலாஜா மூத்தவர்
பெயரைப் பார்த்து மருத்துவம் செய்யாதீர்கள். பெரும்பாலும் தலை கறுப்பதே இல்லை. கெடுவது குருட்டுக்குடலும் ஈரலும். கோழியின் குருட்டுக்குடலில் ஒரு சிறு புழு இருக்கும். அதன் முட்டைக்குள் இந்த நோயின் ஒற்றைச் செல் கிருமி பதுங்கிக்கொள்ளும். வெளியே தனியாக விழுந்தால் சில மணி நேரத்தில் செத்துவிடும் கிருமி, முட்டைக்குள் இருந்தால் மண்ணில் ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். மண்புழு அந்த முட்டையைத் தின்னும், மண்புழுவை வான்கோழி தின்னும். கோழிக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, சுமந்துகொண்டு திரியும். வான்கோழிதான் மாட்டிக்கொள்ளும்.

ஒடுகத்தூர் ஆடு
எல்லாம் சரி, இரண்டையும் சேர்த்து வளர்க்காதே என்றால் எப்படி? வான்கோழி இருந்தால் கொல்லைக்குப் பாம்பு வராது. அதற்காகவே நான் ஒரு ஜோடி வைத்திருக்கிறேன்.

ஆம்பூர்க்காரன்
யார் சொன்னது? என் கூண்டுக்குள் நல்லபாம்பு புகுந்து முட்டையை விழுங்கியது. வான்கோழி இரண்டடி தள்ளி நின்று கத்தியது, அவ்வளவுதான்.

ஒடுகத்தூர் ஆடு
கத்தியதே, அது போதாதா? நாய்கூட அதைத்தான் செய்கிறது.

குடியாத்தம் அக்கா
பாம்புக்குக் கின்னிக்கோழிதான் சரி. வான்கோழிக்கு வீம்பு அதிகம், வேலை குறைவு.

வாலாஜா மூத்தவர்
பறவை செத்துக்கொண்டிருக்கிறது, நீங்கள் பாம்பு பிடியுங்கள்.

அணைக்கட்டு விவசாயி
மன்னிக்கவும், வெளியே போயிருந்தேன். மூன்று மாதக் குஞ்சுகள். எல்லாம் ஒரே கொல்லைதான், இரவில் ஒரே கூண்டு. எச்சம் மஞ்சள், மஞ்சள்தூளைக் கரைத்து ஊற்றியதுபோல். போன வாரம் நல்ல மழை, மண்புழுவை நிறையப் பொறுக்கித் தின்றன. கோழிக்கு லசோட்டா போட்டிருக்கிறேன், வான்கோழிக்குப் போடவில்லை. மருந்துக் கடையில் ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள், தண்ணீரில் கலந்துவிட்டேன்.

வாலாஜா மூத்தவர்
அப்படியானால் வெள்ளைக்கழிச்சலையும் ஒதுக்கிவிட முடியாது. அறுத்துப் பார்த்தால்தான் தெரியும். கருந்தலை நோயாக இருந்தால் அந்த ஆன்டிபயாட்டிக் கேட்காது, அது பாக்டீரியா இல்லை. நோயுற்றதைத் தனியே அடையுங்கள். வான்கோழியிலிருந்து வான்கோழிக்கு நேராகவும் தொற்றும். செத்த பறவையை ஐஸ் கட்டிகளோடு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், ஃப்ரீசரில் வைத்து உறையவிடாதீர்கள். குடற்புழு மருந்து இனி வருவதைத்தான் குறைக்கும், விழுந்ததை எழுப்பாது.

பொய்கைச் சந்தை
மெட்ரோனிடசோல் மருந்து கொடுத்துப் பிழைக்க வைத்தவர்கள் இருக்கிறார்களே?

வாலாஜா மூத்தவர்
இருக்கிறார்கள். ஆனால் இறைச்சிக்கு வளர்க்கும் பறவைக்கு அதைக் கொடுக்க அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தடை. இவர் கிறிஸ்துமஸ் விருந்துக்கு வளர்க்கிறார். மருத்துவர் சொல்லாமல் தொடக்கூடாது.

குடியாத்தம் அக்கா
கீழாநெல்லி உருண்டைக்கு எந்த நாட்டிலும் தடை இல்லை.

அணைக்கட்டு விவசாயி
மூன்றாவதும் போய்விட்டது. மருத்துவர் அறுத்துப் பார்த்தார். ஈரல் முழுக்க நடுவில் குழிந்த வட்டத் தழும்புகள், குருட்டுக்குடலுக்குள் கெட்டியான பாலாடைக்கட்டி மாதிரி அடைப்பு. ஐயா சொன்னதுதான். மிச்சமுள்ளவற்றை மாட்டுக் கொட்டகைத் தளத்துக்கு மாற்றிவிட்டேன். நன்றி.

ஆம்பூர்க்காரன்
சிமென்ட் தளமா, மண் தளமா? அந்தப் பக்கம் கோழி போகுமா?

பொய்கைச் சந்தை
எத்தனை மிச்சம்? இப்போது தீனி எடுக்கின்றனவா?

ஒடுகத்தூர் ஆடு
விற்பதாக இருந்தால் எனக்கு வான்கோழிச் சேவல் ஒன்று எடுத்து வையுங்கள். பாம்புக்குத்தான்.