நியூயார்க் டிரினிட்டி தேவாலயம்: கேப்டன் லாரன்ஸ் கல்லறை எங்கே, எப்படிப் படமெடுப்பது?

நெய்தல்வாசன்:
டிசம்பரில் மன்ஹாட்டன் டிரினிட்டி எபிஸ்கோப்பல் தேவாலயத்துக்குப் போகிறோம். 1812இல் தொடங்கிய அமெரிக்க–பிரிட்டன் போரில் இறந்த அமெரிக்கக் கடற்படை கேப்டன் ஜேம்ஸ் லாரன்ஸின் கல்லறை எந்தப் பக்கம்? கல்லெழுத்து படத்தில் தெளிவாக விழ சாக்பீஸ் தடவலாமா? இரண்டாம் உலகப் போர் மாலுமிகளின் பெயர்களும் அங்கேதானா?

கல்தச்சன்:
சாக்பீஸைத் தொடவே தொடாதீர்கள். அந்த வளாகத்துப் பழைய கற்களில் பல, பழுப்பு மணற்கல். அடுக்கடுக்காகப் படிந்த கல் அது. உள்ளே இறங்கிய நீர் குளிரில் உறைந்து விரியும்போது மேல்தோல் உரியும். சாக்குத்தூள் நுண்துளைகளில் அடைந்துவிடும். அதைத் தேய்த்து எடுத்தால் எழுத்தும் சேர்ந்து உதிரும். தாள் வைத்துக் கரி தேய்ப்பதும் கூடாது. உப்பிய தோல் அந்த அழுத்தத்திலேயே உடையும்.

டார்ச் போதும். கேமராவை கல்லுக்கு நேர் எதிரே வைத்து, ஃபிளாஷை அணைத்துவிடுங்கள் (எதிரே அடிக்கும் வெளிச்சத்தில் பள்ளம் தெரியாது). டார்ச்சைப் பக்கவாட்டில், கல்லின் பரப்போடு 10–15 டிகிரி சாய்வில் பிடியுங்கள். ஒளி வரும் திசைக்கு இணையான கோடுகள் மறைந்துபோகும். அதனால் இடமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று என இரண்டு படம் எடுங்கள். பகல் வெளிச்சம் கூடினால், ஒருவர் குடையால் நிழல் கொடுக்கட்டும்.

பாய்மரம்:
பிராட்வே வாசலில் தேவாலயத்தைப் பார்த்து நின்றால் இடப்பக்கம், தெற்கு வளாகத்தில், சாலையை ஒட்டியே இருக்கிறது. அலெக்சாண்டர் ஹாமில்டன் கல்லறையும் அதே பக்கம்தான். ரயிலில் வந்தால் 4, 5க்கு வால் ஸ்ட்ரீட், 1க்கு ரெக்டர் ஸ்ட்ரீட் நிலையம்.

1813 ஜூன் 1 அன்று பாஸ்டனுக்கு வெளியே லாரன்ஸ் தலைமையிலான 'செசபீக்' போர்க்கப்பலோடு பிரிட்டனின் 'ஷானன்' மோதியது. கால் மணி நேரத்துக்குள் முடிந்த சண்டை. லாரன்ஸ் 4ஆம் தேதி இறந்தார். முதலில் எதிரிகளே இன்றைய கனடாவின் ஹாலிஃபாக்ஸில் இராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். பிறகு உடல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள சேலம் நகருக்கும், அங்கிருந்து நியூயார்க்குக்கும் வந்தது. அவருக்கு அடுத்த நிலையில் இருந்த லெப்டினன்ட் லட்லோவும் இங்கேயே இருக்கிறார்.

"கப்பலை விட்டுக்கொடுக்காதீர்கள்" என்ற லாரன்ஸின் சொல்லைக் கொடியில் எழுதி, 'லாரன்ஸ்' என்றே பெயரிட்ட கப்பலில் பறக்கவிட்டார் அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெர்ரி. ஈரி ஏரிச் சண்டையில் அந்தக் கப்பலையே விட்டு, கொடியோடு படகில் ஏறி 'நயாகரா'வுக்கு மாற வேண்டியதாயிற்று, ஆனாலும் வென்றார். செசபீக்கின் மரங்கள் இங்கிலாந்தின் விக்கம் ஊரில் மாவு ஆலை கட்டப் போயின.

ஒரு குறிப்பு: இப்போது நிற்பது 1846இல் திறந்த மூன்றாவது கட்டடம். லாரன்ஸை அடக்கம் செய்த காலத்துத் தேவாலயம் அன்று.

துறைமுகத்தான்:
இரண்டாம் உலகப் போர்ப் பெயர்கள் அங்கே இல்லை. பிராட்வேயிலேயே தெற்கே முக்கால் கிலோமீட்டர் போல நடந்து பேட்டரி பூங்காவுக்குப் போங்கள். 1963இல் கென்னடி திறந்துவைத்த கிழக்குக் கரை நினைவுச்சின்னம் அங்கேதான் இருக்கிறது. இரு வரிசையாக எட்டு கிரானைட் சுவர்கள், நடுவில் வெண்கலக் கழுகு. மேற்கு அட்லாண்டிக்கில் இறந்த 4,600க்கும் மேற்பட்டோரின் பெயர்கள். கடற்படையினர் மட்டுமல்ல, தரைப்படை, கடலோரக் காவல்படையினரும் உண்டு. டிசம்பரில் துறைமுகக் காற்று கடுமையாக இருக்கும், 4 மணிக்கெல்லாம் வெளிச்சம் குறைந்துவிடும். முதலில் அங்கே போய்விட்டு, டார்ச் வேலையை மாலையில் தேவாலயத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வளாகக் கதவு எத்தனை மணிக்குச் சாத்துவார்கள் என்று மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.