தெருவோர மழைநீர்க் குழிக்கு எந்தச் செடி?

கேள்வி: சென்னையில் எங்கள் தெருவில் மழைநீர் எண்ணெய்ப் படலத்தோடு ஓடுகிறது. குழி வெட்டி வடிகட்ட என்ன நடலாம்? ஆகாயத்தாமரை சரிவருமா?

பதில் 1: ஆகாயத்தாமரை வேண்டவே வேண்டாங்க, அடித்துப்போய்க் கால்வாயை அடைக்கும். வெட்டிவேர் நடுங்க, 15 செ.மீ. இடைவெளி. வெயிலும் தாங்கும், சில நாள் தேங்கலும் தாங்கும். சம்பு (சதுப்பில் வளரும் உயரமான கோரை) கோடையில் காய்ந்துவிடும்.

பதில் 2: செடியைவிட மண் முக்கியம். தெருநீரில் வரும் ஈயம், துத்தநாகம் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே தங்கும். மண் இறுகாமல் துளைகளைத் திறந்து வைப்பதுதான் வேரின் பெரிய வேலை. 60 செ.மீ. ஆழத்துக்குப் பெரும்பகுதி மணல் போடுங்க. எம்-சாண்ட் (பாறையை உடைத்த மணல்) போடுவதானால் கழுவியதாகப் போடுங்க. தூள் இருந்தால் அடைத்துக்கொள்ளும். மக்கு உரம் பத்தில் ஒரு பங்கு போதும், கூடினால் பாஸ்பரஸ் கசியும்.

கேள்வி கேட்டவர்: கொசு வராதா?

பதில் 2: ஒரு நாளில் வடிந்தால் புழு வளர நேரமிருக்காது. வடியவில்லையா, மேலே படிந்த வண்டலைச் சுரண்டி எடுங்க. வெட்டிய தழையை மட்டும் மாட்டுக்குப் போட்டுடாதீங்க, அதில் கொஞ்சம் ஈயம் ஏறியிருக்கலாம்.