பாலித் தீவின் ஆமெட், துலாம்பென் போனவர்கள் யாராவது உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. மட்டக்களப்பு கல்லடியில் இருந்து நாங்கள் நாலு பேர் இந்தோனேசியாவில் அகுங் எரிமலை அடிவாரத்தில் உள்ள ஆமெட் என்ற மீனவ ஊருக்குப் போக இருக்கிறோம். முக்கிய நோக்கம் பக்கத்து ஊரான துலாம்பெனில் மூழ்கிக் கிடக்கும் லிபர்ட்டி கப்பலைச் சுழியோடிப் பார்ப்பது.

நம்ம மட்டக்களப்புக் கடலில் மூழ்கிக் கிடக்கும் ஹேர்மிஸ் கப்பல் போல அதுவும் 1942இல் ஜப்பானியத் தாக்குதலில் அடிபட்டதுதான். ஹேர்மிஸ் 50 மீட்டருக்கும் கீழே. லிபர்ட்டியோ கரைதட்டிக் கிடந்து, 1963இல் அகுங் வெடித்தபோது கடலுக்குள் சரிந்தது; 5 மீட்டரிலேயே தொடங்கி ஏறத்தாழ 30 மீட்டருக்குள் முடிகிறது. படகே வேண்டாம். ஆனால் கரை முழுக்க உருளைக்கல். முதுகில் சிலிண்டரோடு நிற்கும்போது அலை வந்து கல்லைப் புரட்டினால் கணுக்கால் போய்விடும். தடித்த அடியுள்ள பூட்ஸ் கட்டாயம். பெரிய அளவுகள் அங்கே வாடகைக்குக் கிடைக்குமா?

திரும்பும் வழிதான் பெரிய யோசனை. கிந்தாமணிப் பாதை 1,500 மீட்டர் அளவுக்கு ஏறும். சுழியோடிய அன்றே அந்த உயரத்துக்குப் போனால் உடம்பில் கரைந்திருக்கும் நைதரசன் குமிழியாகும், ஆபத்து. தாழ்வான சண்டிடாசா கரையோரப் பாதையால் தென்பசாருக்குக் கூட்டிப்போகும் நம்பகமான சாரதி யாரையும் தெரியுமா? கடைசிச் சுழியோட்டத்துக்கும் விமானத்துக்கும் இடையில் 24 மணித்தியாலம் விடுகிறோம்.

2017 நவம்பரில் எரிமலைச் சாம்பலால் தென்பசார் விமான நிலையத்தையே மூடினார்கள். சாம்பலால் வரும் தாமதம், சுழியோட்ட விபத்து இரண்டுக்கும் சேர்த்துக் காப்புறுதி இலங்கையில் எடுத்தவர்கள் இருந்தால், என்ன நிபந்தனை போட்டார்கள் என்று சொல்லுங்கள்.