அந்த வாளியைக் கொட்டலாமா? குடும்பக் குழுவில் ஒரு மாலை

குழு: நுரையும் நொதியும்

ஆதி: மாமா, ஒரு சந்தேகம். போன மாதம் பீர் பாட்டிலில் அடைத்தபோது கலக்கிய ஸ்டார் சான் (பாத்திரத்தில் கிருமியை ஒழிக்கிற அமிலச் சானிடைசர்) அப்படியே மூடி போட்ட வாளியில் இருக்கிறது. நாளைக்குப் புதிதாகக் காய்ச்சப் போகிறேன். அதையே பயன்படுத்தலாமா, இல்லை கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கட்டுமா?

வசந்தி: கொட்டு. அந்த வாளி குளியலறையில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது.

முரளி: அக்கா தீர்ப்பு சொல்லியாகிவிட்டது. எல்லாரும் கலையலாம்.

சின்ன மாமா: அவசரப்படாதீர்கள். ஆதி, எந்தத் தண்ணீரில் கலந்தாய்?

ஆதி: பாதி ஆர்ஓ தண்ணீர், பாதி குழாய்த் தண்ணீர்.

சின்ன மாமா: இப்போது எப்படி இருக்கிறது? வாளியின் அடி தெரிகிறதா?

ஆதி: [படம்]

ஆதி: அடி சரியாகத் தெரியவில்லை. ஆனால் கலக்கும்போதே கொஞ்சம் மங்கலாகத்தான் இருந்தது.

கவிதா: கலக்கும்போதே மங்கியது என்றால் அது உன் குழாய்த் தண்ணீரின் வேலை. ஸ்டார் சானில் முக்கியமாக இருப்பது பாஸ்பாரிக் அமிலமும், டோடெசைல் பென்சீன் சல்போனிக் அமிலம் என்ற சர்ஃபாக்டன்ட்டும் (சோப்பு மாதிரி நுரைக்கிற பொருள்). கடின நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் அந்தச் சர்ஃபாக்டன்ட்டைப் பிடித்துக்கொள்ளும். அதுதான் வெள்ளையாகத் தெரிகிறது. அதே தண்ணீரில் இருக்கிற பைகார்பனேட் இன்னொரு பக்கம் அமிலத்தைச் சாப்பிட்டுவிடும்.

முரளி: மங்கினால் செத்துவிட்டது என்றுதானே எல்லாரும் சொல்கிறார்கள்?

கவிதா: அப்படி ஒரேயடியாகச் சொல்ல முடியாது. கலந்த உடனே மங்கினாலும் பிஎச் (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 3-க்குக் கீழே இருந்தால் அன்றைக்கு அது வேலை செய்யும். டிஸ்டில்டு வாட்டரில் கலந்து, கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்து, பிறகு ஒரு நாள் மங்கினால் கதை வேறு. உள்ளே ஏதோ கலந்துவிட்டது என்று அர்த்தம். அதை நான் வைத்துக்கொள்ள மாட்டேன்.

சின்ன மாமா: கவிதா சொல்வதுதான் சரி. தேதியைப் பார்த்துக் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு வாரம்தான், ஒரு மாதம்தான் என்று. அந்தக் கரைசலுக்கு நாள்காட்டி தெரியாது. சுத்தமான டிஸ்டில்டு வாட்டரில் கலந்து, இறுக்கி மூடி வைத்தால் மாதக்கணக்கில் பிஎச் நகராது. கடின நீரில் கலந்தால் வாரத்துக்குள்கூட ஏறிவிடும். பிஎச் தாள் வைத்திருக்கிறாயா?

ஆதி: இருக்கிறது. 1 முதல் 14 வரை காட்டுகிற தாள்.

சின்ன மாமா: அது போதாது. அதில் 3-க்கும் 4-க்கும் நிறம் பிரித்துப் பார்ப்பதற்குள் விடிந்துவிடும். குறுகிய அளவு காட்டுகிற தாள் வாங்கிக்கொள். சரி, இருப்பதை முக்கிப் பார்.

வசந்தி: 19 லிட்டருக்கு 30 மில்லிதானே ஊற்றுகிறான்? கொட்டினால் என்ன நஷ்டம்? இதற்கு ஒரு ஆய்வுக்கூடமா?

சின்ன மாமா: மருந்தில் பெரிய நஷ்டம் இல்லை அம்மா. தண்ணீரில்தான் நஷ்டம். ஒவ்வொரு தடவையும் ஒரு வாளி டிஸ்டில்டு வாட்டர் வேண்டாமா? ஆனால் நீ கேட்பதில் நியாயம் இருக்கிறது. என் கேள்வியே இவன் ஏன் 19 லிட்டர் கலக்கிறான் என்பதுதான்.

ஆதி: லேபிளில் அந்த அளவுதானே போட்டிருக்கிறது?

சின்ன மாமா: லேபிளில் விகிதம் போட்டிருக்கிறது. வாளி நிறைய வேண்டும் என்று போடவில்லை. ஒரு லிட்டருக்கு 1.6 மில்லி என்று கணக்குப் போட்டுக்கொள். ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்தால் சரியாக வரும். 4 லிட்டருக்கு ஆறரை மில்லிக்குக் கொஞ்சம் குறைவு. பாத்திரம் முழுக்க மூழ்க வேண்டிய அவசியமே இல்லை. எல்லாப் பக்கமும் ஈரமாகி, ஒன்றிரண்டு நிமிடம் அந்த ஈரம் காயாமல் இருந்தால் போதும். பீர் நொதிக்கிற ஃபெர்மென்டரில் 2 லிட்டர் ஊற்றி, மூடி, நன்றாக உருட்டினால் முடிந்தது. அதே தண்ணீரை அப்புறம் வாளியில் ஊற்றி ஹோஸ், ஏர்லாக், ரப்பர் மூடி எல்லாவற்றையும் முக்கி எடு.

முரளி: நான் ஸ்ப்ரே பாட்டிலோடு சரி. அரை லிட்டர். குழாய் முனை, கத்தரிக்கோல், யீஸ்ட் பாக்கெட்டின் ஓரம் எல்லாவற்றுக்கும் அதுதான்.

கவிதா: அரை லிட்டருக்கு 0.8 மில்லி முரளி. நீ கண்ணளவில் ஊற்றுகிறவன் என்று எனக்குத் தெரியும்.

முரளி: கொஞ்சம் அதிகமானால் நல்லதுதானே அண்ணி?

கவிதா: இல்லை. சொன்ன விகிதத்தில் இருந்தால்தான் அலசாமல் விடலாம். அதற்கு மேல் போனால் அலச வேண்டும், அப்புறம் அலசும் தண்ணீரிலிருந்து கிருமி வரும். நீ சானிடைஸ் செய்ததற்கே பொருள் இல்லாமல் போய்விடும்.

ஆதி: பிஎச் தாள் பார்த்தேன். 3-க்கும் 4-க்கும் நடுவில் ஒரு நிறம். 4-க்குப் பக்கமாக.

சின்ன மாமா: கொட்டு. யோசிக்கவே வேண்டாம்.

வசந்தி: நான் முதலிலேயே சொன்னேன்.

கவிதா: கொட்டும் இடத்தைப் பார்த்துக் கொட்டு ஆதி. குளியலறையில் ப்ளீச் ஊற்றிக் கழுவியிருந்தால் அங்கே ஊற்றாதே. அமிலமும் ப்ளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். இது விளையாட்டு இல்லை. பழைய சானிடைசரை ப்ளீச்சோடு கலந்து தரை துடைக்கலாம் என்றும் யாரும் கிளம்ப வேண்டாம்.

வசந்தி: அடப்பாவி, நான் காலையில்தான் ப்ளீச் போட்டேன்.

கவிதா: அப்படியென்றால் முதலில் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி விடுங்கள் அக்கா. ஜன்னல் திறந்திருக்கட்டும். இன்றைக்கே கொட்ட வேண்டும் என்று கட்டாயமில்லை, நாளைக்குக் கொட்டினாலும் போதும். வழியில் பளிங்குத் தரையில் சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பளிங்கு சுண்ணாம்புக்கல் வகை, அமிலம் பட்டால் பளபளப்பு போய்விடும்.

வசந்தி: ஹாலில் ஒரு இடம் மங்கிப்போயிருக்கிறதே, அது அதனால்தானா!

ஆதி: நான் இப்போது வெளியே இருக்கிறேன் 🏃

முரளி: ப்ளீச் என்றதும் ஞாபகம் வருகிறது. என் நண்பர் ஒருவர் ப்ளீச்சில்தான் எல்லாவற்றையும் கழுவுகிறார். அதையும் கலந்து வைத்துக்கொள்ளலாமா?

சின்ன மாமா: தண்ணீரில் கலந்த ப்ளீச்சை ஒரு நாளுக்கு மேல் நம்பக் கூடாது. அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். எனக்கு அது பிடிக்காது என்பதற்குக் காரணம் வேறு. சரியாக அலசாமல் துளி குளோரின் தங்கினால், முளைகட்டிய தானியமான மால்ட்டில் இருக்கிற ஃபீனால்களோடு சேர்ந்து குளோரோஃபீனால் ஆகும். மருந்துக்கடை வாசனை. ஒரு பாட்டிலில் வந்தால் மொத்தத்தையும் கொட்ட வேண்டியதுதான். ஸ்டீல் பாத்திரத்தில் ஊறவைத்தால் குழி குழியாக அரிக்கவும் செய்யும்.

சித்தி: நான் பழ ஒயினுக்குப் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் கரைசல் வைத்திருக்கிறேன். பாட்டிலைத் திறந்தால் மூக்கில் ஏறுகிற நெடி இருக்கும்வரை பயன்படுத்துவேன். அது தப்பா?

கவிதா: ஒயினுக்குச் சரி சித்தி. நெடிதான் சல்பர் டை ஆக்சைடு, அது போனால் கரைசலும் போனது மாதிரி. கொஞ்சம் சிட்ரிக் அமிலம் சேர்த்தால் இன்னும் வேகமாக வேலை செய்யும். பழச்சாறு பெரும்பாலும் புளிப்பு, பிஎச் 3-லிருந்து 4 வரை இருக்கும், அதிலேயே பல கிருமிகள் தலையெடுக்காது. பீருக்குக் காய்ச்சுகிற மால்ட் சாறு, அதாவது வோர்ட், அப்படியில்லை, 5-க்கு மேல் இருக்கும், இனிப்பும் நிறைய. அதற்கு இதை மட்டும் நம்பி இறங்கக் கூடாது. ஆஸ்துமா இருப்பவர்கள் அந்தப் பாட்டிலை முகர்ந்து பார்க்கவும் கூடாது.

சித்தி: எனக்கு ஆஸ்துமா இல்லை. ஆனாலும் இனி தூரத்திலிருந்தே பார்க்கிறேன்.

ஆதி: மாமா, ஐயோடோஃபோர் என்கிற அயோடின் சானிடைசர் எப்படி? நீங்கள் முன்பு அதைத்தானே வைத்திருந்தீர்கள்?

சின்ன மாமா: நல்ல பொருள். 12.5 பிபிஎம் (பத்து லட்சத்தில் பன்னிரண்டரைப் பங்கு அயோடின்) அளவில் கலந்தால் அலச வேண்டாம், நுரையும் கம்மி. அதில் இருக்கும் வசதி, சத்து போவது கண்ணுக்குத் தெரியும். இளம் பழுப்பு நிறம் இருக்கும்வரை அயோடின் இருக்கிறது. திறந்த வாளியில் ராத்திரி விட்டால் காலையில் நிறம் வெளிறியிருக்கும். அயோடின் காற்றோடு போய்விடும், வெயில் பட்டால் இன்னும் சீக்கிரம். அதனால் எடுத்துவைக்க வேண்டும் என்றால் மூடிய பாத்திரம், இருட்டான இடம், அதுவும் கொஞ்ச நாளைக்குத்தான்.

முரளி: கஞ்சித் தண்ணீரில் ஒரு துளி விட்டால் நீலமாகுமே, அதை வைத்துப் பார்க்கலாமே?

சின்ன மாமா: அயோடின் இருக்கிறதா என்று தெரியும். போதுமான அளவு இருக்கிறதா என்று தெரியாது. அதற்கென்று தாள் கிடைக்கிறது. நான் ஐயோடோஃபோரை விட்டதற்குக் காரணம் ஹோஸ் எல்லாம் மஞ்சளாகிப் போனதுதான். கெடுதல் ஒன்றுமில்லை, பார்க்கச் சகிக்கவில்லை.

ஆதி: அப்படியென்றால் ஸ்டார் சான்தான். 4 லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் கலந்து வைத்துக்கொள்கிறேன். ஆர்ஓ மட்டும் போட்டால் ஆகாதா?

கவிதா: நல்ல ஆர்ஓ என்றால் ஆகும். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் மட்டும் வேண்டாம், அது டிஸ்டில்டு ஆகாது. காய்ச்சினால் கடினத்தில் ஒரு பகுதிதான் போகும், மிச்சம் அப்படியே இருக்கும்.

சின்ன மாமா: பிளாஸ்டிக் கேனில் வை. கெட்டியான வெள்ளைக் கேன் நல்லது. அலுமினியம், பித்தளை பக்கமே போகாதே. குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்காதே, யாராவது குடித்துவிடுவார்கள். என்ன கரைசல், என்றைக்குக் கலந்தது என்று எழுதி ஒட்டு. தேதி கொட்டுவதற்கு இல்லை, என்றைக்கிலிருந்து பிஎச் பார்க்க வேண்டும் என்று தெரிவதற்கு.

வசந்தி: சின்னப் பிள்ளைகள் எட்டாத இடத்தில் வை என்றும் சொல்லுங்கள் மாமா. கலக்காத மருந்து கையில் பட்டாலே எரிகிறது.

சின்ன மாமா: அதுவும்தான். கையுறை போட்டுக்கொண்டு, தண்ணீரில் மருந்தை ஊற்று.

முரளி: பயன்படுத்தியதைத் திரும்பக் கேனிலேயே ஊற்றலாமா? நான் ஊற்றிவிடுகிறேன்.

கவிதா: எதில் பயன்படுத்தினாய் என்பதைப் பொறுத்தது. கழுவி, அலசி, பளிச்சென்று இருந்த பாத்திரம் என்றால் ஊற்றலாம். பீர் மிச்சமோ வோர்ட் துளியோ கலந்திருந்தால் ஊற்றாதே. அழுக்கு இருக்கிற இடத்தில் எந்தச் சானிடைசரும் தோற்றுவிடும், அழுக்குக்கு அடியில் இருக்கிற கிருமியை அது தொடவே தொடாது. இன்னொன்று, பிபிடபிள்யூ என்கிற கழுவும் பொடி போட்டுக் கழுவினால் நன்றாக அலசு. அது காரம். வழவழப்பு மிச்சமிருக்கும்போதே சானிடைசரில் முக்கினால் அமிலம் அங்கேயே அடங்கிவிடும். வைத்த கரைசல் திடீரென்று பிஎச் ஏறியது என்பவர்களில் பாதிப் பேர் செய்வது இதைத்தான் என்பது என் சந்தேகம்.

ஆதி: பிபிடபிள்யூவையும் கலந்து வைத்துக்கொள்ளலாமா அண்ணி? அதுவும் மிஞ்சுகிறது.

கவிதா: வேண்டவே வேண்டாம். அதில் பெர்கார்பனேட் இருக்கிறது. தண்ணீரில் போட்டதும் ஹைட்ரஜன் பெராக்சைடாகி, சில மணி நேரத்தில் ஆக்ஸிஜனாகப் போய்விடும். மூடி இறுக்கி வைத்தால் பாட்டில் உப்பி வெடிக்கும். அதை அன்றைக்கே முடித்துவிடு.

முரளி: 👀 என் அலமாரியில் ஒன்று இருக்கிறது. திறக்கிறேன்.

கவிதா: மெதுவாகத் திற. முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்.

சித்தி: அந்த ஸ்டார் சான் நுரை பற்றி யாராவது சொல்லுங்களேன். பாட்டிலில் நுரை இருக்கும்போதே பீர் ஊற்றுகிறான் ஆதி. பார்க்கும்போதே எனக்கு உதறுகிறது.

சின்ன மாமா: பயப்பட வேண்டாம். சரியான விகிதத்தில் கலந்த நுரை கொஞ்சம் தங்கினால் பீர் ருசியில் தெரியாது, யீஸ்ட்டுக்கும் கெடுதல் இல்லை. குலுக்கி அலசப் போனால்தான் வம்பு. ஆனால் நுரைக்கு அடியில் கரைசலே தேங்கி நிற்கிறதா என்று கவிழ்த்துப் பார்த்துவிடு.

முரளி: திறந்தாச்சு. புஸ்ஸென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இனிமேல் அங்கே சேமிப்பு இல்லை.

ஆதி: மாமா, கடைசியாக ஒன்று. கெக் (பீர் நிரப்பி வைக்கிற ஸ்டீல் பீப்பாய்) வாங்கியிருக்கிறேன், இரண்டு. ஒவ்வொன்றுக்கும் தனியாக 19 லிட்டர் வேண்டுமா?

சின்ன மாமா: வாளி நிறையக் கலக்க நியாயமான காரணம் இப்போதுதான் சொல்கிறாய். ஒரு கெக்கை விளிம்பு வரை சானிடைசரால் நிரப்பு. மூடிவிட்டு, பீர் வரும் வழியிலிருந்து அடுத்த கெக்கின் அதே வழிக்கு ஒரு ஹோஸ் கொடு. முதல் கெக்கில் கார்பன் டை ஆக்சைடு விட்டுத் தள்ளினால் கரைசல் முழுக்க இரண்டாவதுக்குப் போய்விடும். இரண்டாவதின் காற்று வெளியேற வால்வைத் திறந்து வை. முதல் கெக்கில் அப்புறம் காற்றே இருக்காது, கார்பன் டை ஆக்சைடுதான். பீரை நேராக அதில் இறக்கலாம், ஆக்ஸிஜன் படாது. அந்தக் கரைசல் இரண்டாவது கெக்கில் மாதக்கணக்கில் கிடக்க வேண்டாம், ஸ்டீலில் அமிலத்தை ஊறவைப்பானேன். வேலை முடிந்ததும் கேனுக்கு மாற்றி, பிஎச் பார்.

ஆதி: அதற்கும் டிஸ்டில்டு வாட்டரா?

சின்ன மாமா: ஆமாம், திரும்பத் திரும்பப் பயன்படுத்தப் போகிறாயே. ஹோஸை மட்டும் உள்ளேயே ஊறப்போடாதே, பிசுபிசுக்கும். எடுத்து, வடியவிட்டு, தொங்கவிடு.

ஆதி: சரி மாமா. குறுகிய பிஎச் தாளும் ஒரு கேனும் வாங்கப் போகிறேன். அக்கா, வேறு ஏதாவது வேண்டுமா?

வசந்தி: பளிங்குக்குப் பாலிஷ்.