நாகர்கோவில் பைத்தான் கூட்டத்துக்கு ஆளே வரமாட்டேங்குது. அடுத்த ஆறு மாசத்துக்கு என்ன திட்டம் போடலாம்?

வடசேரி பைத்தான்:

வணக்கம். நானும் ரெண்டு கூட்டாளிகளும் சேந்து நாகர்கோவில்ல மாசத்துக்கு ஒருக்கா பைத்தான்ங்கிற கம்ப்யூட்டர் புரோகிராமிங் மொழிக்குக் கூட்டம் நடத்துதோம். எட்டு மாசம் ஆச்சு. மொத கூட்டத்துக்கு 31 பேர். போன மாசம் அஞ்சு பேர். அதுல மூணு பேர் நாங்களேதான். இன்னொருத்தன் தங்கச்சிய கூட்டிட்டுப் போக வந்தவன், மழை பெய்யுதுன்னு உள்ள உக்காந்தான்.

எனக்கு வாரம் பூரா திருவனந்தபுரத்துல வேலை. வெள்ளிக்கிழமை ராத்திரி ரயில்ல வந்து, சனிக்கிழமை முழுக்கத் தூங்கி, ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்குக் கூட்டம். நடுவுல ஒரு காலேஜ்ல ஹால் தாறோம்னு சொன்னாவ. போய்ப் பாத்தா வாட்ச்மேனுக்கு விஷயமே தெரியாது. கேட்டுக்கு வெளிய புளியமரத்தடியில லேப்டாப்ப மடியில வச்சுக்கிட்டு, பைத்தான்ல பேரையும் மதிப்பையும் ஜோடியா வைக்கிற டிக்‌ஷனரி பாடம் எடுத்தேன். நாப்பது நிமிஷத்துல பேட்டரி போச்சு.

விளம்பரமும் செய்யாம இல்ல. ‘பைத்தான் மீட்டப்’னு இங்கிலீஷ்ல ஐம்பது போஸ்டர் அடிச்சு காலேஜ் பக்கமும் வடசேரி பஸ் ஸ்டாண்ட் பக்கமும் ஒட்டினோம். வந்த போன் எல்லாம் ஒரே கேள்விதான்: “சர்டிபிகேட் உண்டா?” ஒரு அம்மா ஃபீஸ் எவ்வளவுன்னு கேட்டாங்க. ஃப்ரீன்னேன். “சும்மாவா? அப்பம் வேண்டாம் மக்ளே”ன்னு வச்சுட்டாங்க.

அடுத்த ஆறு மாசத்துக்கு டெக்கரேட்டர், அசிங்க், மெஷின் லேர்னிங்னு பெரிய பாடமா வரிசையா போட்டு வச்சிருக்கேன். பெங்களூர்லேந்து யாரையாவது பேசக் கூப்பிடவும் யோசனை. இதுல என்ன மாத்தணும்? அடிச்சுச் சொல்லுங்க, கோவப்பட மாட்டேன்.

மார்த்தாண்டம் டீச்சர்:

தம்பி, கோவப்பட மாட்டேன்னு சொன்னதால சொல்லுதேன். நம்ம ஜில்லாவுல ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு யாராவது கூட்டம் வைப்பாங்களா? பாதிப் பிள்ளையள் பூசையிலயோ ஆராதனையிலயோ இருக்கும். சாயங்காலம் வச்சாலும் குலசேகரம், பேச்சிப்பாறை பக்கத்துப் பிள்ளையள் ரெண்டு பஸ் மாறணும். இருட்டுமுன்ன வீட்டுக்குப் போகணும்னா நாலு மணிக்கே எந்திச்சுரும். பொம்பளப் பிள்ளைய ஏன் வரலன்னு யாரும் தனியா ஆராய வேண்டாம், பஸ் டைம பாத்தா போதும்.

அடுத்தது, நீங்க காலேஜையே சுத்தி வாறீங்க. பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடமே பைத்தான்தான். தமிழ் மீடியத்துக்கும் அதே புக், தமிழ்ல. பதினொண்ணுல சி பிளஸ் பிளஸ், பன்னிரெண்டுல பைத்தான். படிக்கிற பிள்ளையள் இங்கேயே கெடக்கு, நீங்க புளியமரத்தடியில பாடம் எடுக்கீங்க.

அந்தப் புக்குல ஸ்ட்ரிங்குக்கு, அதாவது எழுத்துகள வரிசையா கோத்து வைக்கிறதுக்கு, சரம்னு இருக்கும். மொத நாள் பிள்ளையள் முழிச்சுது. தோவாளையில பூக் கட்டுற மாதிரி நெனச்சுக்கோ, மொத பூவுக்கு நம்பர் பூஜ்யம், அஞ்சாவது பூவுக்கு நாலுன்னு சொன்னேன். பிடிச்சுக்கிடுச்சு. இந்த மாதிரி சொல்லித்தர ஆளு வந்து ஒரு மணிநேரம் நின்னா போதும். ஆனா ஜூன்லேந்து செப்டம்பருக்குள்ள வாங்க. அரையாண்டுப் பரீட்சை நெருங்கிட்டா நானே உங்கள உள்ள விட மாட்டேன்.

பின்பெஞ்ச்:

அண்ணா, நான் உங்க ரெண்டாவது கூட்டத்துக்கு வந்தவன். அப்புறம் வரல. உண்மையச் சொன்னா சர்டிபிகேட்டுக்குத்தான் வந்தேன். எனக்கு லேப்டாப் கிடையாது, போன்தான். எல்லாரும் லேப்டாப்ப தொறந்ததும் பின்னால போய் உக்காந்துட்டேன். ஸ்லைடு பூரா இங்கிலீஷ், உதாரணம் எல்லாம் எம்ப்ளாயி, சேலரி. எங்க வீட்டுல யாரும் மாசச் சம்பளம் வாங்குனதில்ல, அப்பா ரப்பர் வெட்டுதாரு.

ஆனா கடைசி பத்து நிமிஷம் ஒண்ணு செஞ்சீங்க. ‘நாகர்கோவில்’ எத்தனை எழுத்துன்னு கேட்டீங்க. எல்லாரும் ஆறுன்னோம். பைத்தான்ல நீளத்த எண்ணிச் சொல்லுற லென் போட்டா பதினொண்ணுன்னு வந்துச்சு. கால், கொம்பு, புள்ளி எல்லாத்தையும் அது தனித்தனியா எண்ணுதுன்னீங்க. அதுக்குள்ள டைம் ஆயிட்டுன்னு லைட்ட அணைச்சுட்டாங்க. பஸ்ல போகும்போது எங்க ஊரு பேரு, அம்மா பேரு எல்லாத்தையும் விரல் விட்டு எண்ணிட்டே போனேன். அந்தக் கூட்டத்துல எனக்கு ஞாபகம் இருக்கது அது மட்டுந்தான்.

இப்ப போன்லயே பைத்தான் ஓட்டுற பைடிராய்டு ஆப் போட்டு வச்சிருக்கேன், நெட் இல்லாமலே ஓடுது. அடுத்த கூட்டத்துக்கு லேப்டாப் இல்லாதவனும் வரலாம்னு போஸ்டர்ல ஒரு வரி போடுங்க அண்ணா.

பழைய பென்குயின்:

தம்பி சொன்னதுதான் விஷயம், நான் ரெண்டு வார்த்தை சேத்துக்கிடுதேன். சென்னையில இருந்த காலத்துல லினக்ஸ்ங்கிற ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கான குழுவுல மாசாமாசம் ரெண்டாம் சனிக்கிழமை ஐஐடியில கூடுவோம். நாலு பேர் வந்த நாளும் உண்டு, எடம் கொள்ளாத நாளும் உண்டு. தேதி மட்டும் மாறாது. யாரும் அறிவிப்புக்குக் காத்திருக்க மாட்டாங்க, ரெண்டாம் சனின்னா கால் தானா நடக்கும். நீங்க எட்டு மாசத்துல எத்தனை தரம் தேதி மாத்தினீங்கன்னு எண்ணிப் பாருங்க.

பெங்களூர் ஆள் வேண்டாம். வந்து பேசிட்டு முக்கடல் பாத்துட்டுப் போயிருவாரு, அடுத்த மாசம் யாரு பேசுவா? வந்தவங்கள்லயே ஒருத்தர் பத்து நிமிஷம் பேசட்டும், தான் எதுல முட்டி நின்னேன்னு. அதுக்குப் பெரிய அறிவு வேண்டாம், வெக்கம் கொஞ்சம் கொறைஞ்சா போதும்.

காலண்டரையும் பாத்துக்கிடுங்க. டிசம்பர் மொத வாரம் கோட்டாறு சவேரியார் திருவிழா, மார்கழியில சுசீந்திரம் தேர். அந்த நாள்ல கூட்டம் வச்சா நான்கூட வர மாட்டேன். ஐப்பசி மழையில கரண்ட் போவும், பைத்தான் இன்ஸ்டாலர நாலு பென் டிரைவ்ல போட்டு வச்சுருங்க.

வடசேரி பைத்தான்:

எண்ணிப் பாத்தேன் அண்ணாச்சி. அஞ்சு தரம் மாத்தியிருக்கேன்.

டெக்கரேட்டரத் தூக்கிட்டேன். ‘நாகர்கோவில்’ங்கிற வார்த்தையிலேந்தே ஆரம்பிக்கலாம். கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நம்பர் குடுக்கிற யூனிகோடுல புள்ளியும் உயிர்க்குறியும் ‘எம்’னு ஆரம்பிக்கிற வகையில வரும், அத விட்டுட்டு எண்ணினா சரியா ஆறு வரும். அதையும் நம்ப முடியாது, லக்ஷ்மின்னு அடிச்சா ‘க்ஷ்’ஐ ரெண்டா எண்ணி மூணுக்குப் பதிலா நாலு காட்டும். அங்கதான் ரெண்டாவது மாசம். மூணாவதுக்கு விகடகவி. திருப்பிப் போட்டாலும் அதேதான்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பைத்தானத் திருப்பச் சொன்னா இகரக் கொக்கி முன்னால வந்து நிக்கும், ரெண்டும் வேறன்னு சொல்லும். அத யாரு சரி பண்ணுதாங்கன்னு பாப்போம்.

ரெண்டாம் சனி, ரெண்டு மணிலேந்து மூணரை. போஸ்டர் தமிழ்ல. ‘போன் போதும்’னு மேலயே போட்டுருதேன். பின்பெஞ்ச் தம்பி, பஸ்ல எண்ணின கதையத்தான் மொத பத்து நிமிஷம் நீ பேசணும்.

டீச்சர், ஸ்கூலுக்கு வரணும்னா லெட்டர் யாருக்கு எழுதணும்?

மார்த்தாண்டம் டீச்சர்:

தலைமை ஆசிரியருக்கு, தமிழ்ல. தேதி, நேரம், வாறவங்க பேரு எல்லாம் வேணும். அடியில உங்க அமைப்போட சீல் இருக்கணும்.

வடசேரி பைத்தான்:

எங்ககிட்ட சீல் இல்லையே டீச்சர்.

பழைய பென்குயின்:

மீனாட்சிபுரத்துல ரப்பர் ஸ்டாம்ப் செய்ய ஆள் உண்டு. பேர்ல எத்தனை எழுத்துன்னு கேப்பாரு, பைத்தான்ட்ட கேட்டுச் சொல்லிராதீங்க.